உடன் வரும் பெற்றோர் எங்கே நிற்பது? ராக் இசை விழா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் திறந்தவெளி ராக் இசை விழாக்களை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நான் செந்தூலில் வசிக்கிறேன், வயது 49. நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகளையும் அவளுடைய தோழியையும் அழைத்துக்கொண்டு அண்மையில் ஓர் இசை விழாவுக்குப் போயிருந்தேன். 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலர் துணையுடன்தான் வர வேண்டும் என்பது அந்த விழாவின் நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். ஆனால் அதை எழுதியவர்கள், துணைக்கு வருகிறவர் திடலுக்குள் எங்கே நிற்பார், பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் எந்த வழியாக அதனிடம் போய்ச் சேர்வார் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த விழாவை நடத்தியவர்களின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. வேறு விழாக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோரும் இதே குறையை என்னிடம் சொல்லியிருப்பதால், உங்கள் அனைவருக்குமாகவே எழுதுகிறேன்.

ராக் இசை பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. 1980களில் சேர்ச், விங்ஸ் ஆகிய மலாய் ராக் குழுக்களின் கேசட்டுகள் எங்கள் வீட்டில் இளையராஜா கேசட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று 1992இல் தடை வந்தபோது என் அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அன்று முடியின் நீளத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கூட்டத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதாக எனக்கு நினைவில்லை. பிறகு, 2014 மார்ச்சில் புக்கிட் ஜாலிலில் நடந்த இசை விழாவுக்குப் போன ஆறு பேர் இறந்தார்கள் என்ற செய்தி வந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. அன்று யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று வருந்தினேன். இப்போது அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் போவது என் வீட்டுப் பிள்ளை.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். மேடைக்கு அருகிலுள்ள பகுதிக்கு நீலக் கைப்பட்டை, பின்பகுதிக்கு மஞ்சள் கைப்பட்டை. முன்பகுதிச் சீட்டு எங்களுக்கு இரண்டுதான் கிடைத்தது. அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நான் மஞ்சள் பட்டையுடன் பின்னால் நின்றேன். வாசலில் இருந்தவர் என் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் மைகார்டையும் பார்த்தார். அதன்பின் நாங்கள் மூவரும் ஒரே குடும்பமாக வந்தவர்கள் என்பதற்கு எங்கும் ஒரு பதிவும் இல்லை. இரவு ஒன்பதரை மணிக்கு முக்கியக் குழு மேடையேறியதும் பின்னாலிருந்தவர்கள் முன்னால் தள்ள ஆரம்பித்தார்கள். மோஷ் பிட் என்று பிள்ளைகள் சொல்லும், ஒருவரையொருவர் மோதிக்கொண்டு ஆடும் வட்டம் ஒன்று நடுவில் திறந்து மூடியது. என் மகளின் தோழிக்கு மூச்சுத் திணறியது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மலாய் இளைஞர் ஒருவர், தடுப்புக் கம்பியில் இரு கைகளையும் ஊன்றித் தம் முதுகால் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டு, அவளைச் சுற்றி ஓர் அடி இடத்தை உண்டாக்கித் தந்தார். காவலர்கள் அவளைக் கம்பிக்கு மேலாகத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அந்த இளைஞரின் பெயர் எனக்குத் தெரியாது; இதை அவர் படிக்க நேர்ந்தால் என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கைத்தொலைபேசியில் அலைவரிசை இல்லை. மகள் அனுப்பிய "அம்மா, முன்னாடி வாங்க" என்ற ஒற்றைச் செய்தி இருபது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது. முன்பகுதி வாயிலுக்கு ஓடினேன். அங்கிருந்த காவலர் என் கைப்பட்டையைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பட்டைக்கு அனுமதி இல்லை என்றார். என் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று மூன்று முறை சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்; அவருக்குச் சொல்லப்பட்ட விதி அவ்வளவுதான். கடைசியில், முதலுதவிக் கூடாரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தப் பிள்ளையையும், அவளுடைய காலணிகளைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்ற என் மகளையும் நான் கண்டபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளையின் தாயார் அவளை என்னை நம்பித்தான் அனுப்பியிருந்தார்.

துணையுடன் வர வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அந்தத் துணை பயன்படும்படி ஓர் ஏற்பாட்டையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளையின் கைப்பட்டையிலும் பெற்றோரின் கைப்பட்டையிலும் ஒரே எண்ணை அச்சிடுங்கள். அவசரத்தில் அந்த எண்ணைக் காட்டினால், எந்த நிறப் பட்டையாக இருந்தாலும், ஒரு பணியாளர் உடன்வந்து பெற்றோரைப் பிள்ளையிடம் அழைத்துச் செல்லட்டும். முன்பகுதியின் ஓரமாக, தடுப்புக் கம்பியின் வெளிவாயிலுக்கு அருகில், பெற்றோர் நிற்க ஒரு சிறிய இடம் ஒதுக்குங்கள். கைத்தொலைபேசி வேலை செய்யாது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே தெரியும் ஒரு விளக்குக் கம்பத்தைச் சந்திக்கும் இடமாக அறிவியுங்கள். பத்துமலைத் தைப்பூசத்துக்குக் கைக்குழந்தையோடு போய் 272 படிகளையும் ஏறி இறங்கிய குடும்பங்கள் நாங்கள். கூட்டத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அல்லர். அங்கே பிள்ளை கைநழுவிப் போனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பார்கள், எங்கே போய் நிற்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், பந்தலுக்குப் பந்தல் தண்ணீரும் மோரும் கிடைக்கும். அந்த ஏற்பாட்டில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

முன்பகுதிக்குள் எத்தனை பேரை விடுகிறீர்கள் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் இருக்கும்வரை ஒருவரால் தம் விருப்பப்படி நகர முடியும். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர்போல் அலையத் தொடங்கி, நிற்பவரைக் கேட்காமலே இழுத்துச் செல்கிறது. நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்து இறக்கிறார்கள். டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30 அன்று, பேர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருந்தபோது ஒன்பது இளைஞர்கள் நெரிசலில் மூச்சடைத்து இறந்தார்கள். அதன்பின் அந்த விழாவில் மேடைக்கு முன்னுள்ள இடத்தைத் தடுப்புகளால் பிரித்து, எண்ணி உள்ளே விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த இசை விழா நெரிசலில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களுள் ஒருவன் தன் தந்தையின் தோளில் அமர்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன். அவனோடு பெற்றவர் இருந்தார். கூட்டம் அந்த அளவுக்கு அடர்ந்தபின் உடன் இருப்பவரால் செய்யக்கூடியது ஏதும் இல்லை என்பதால்தான், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு உங்களுடையது என்கிறேன்.

2023 ஜூலையில் சிப்பாங்கில் நடந்த விழா ரத்து செய்யப்பட்டபின், வெளிநாட்டுக் கலைஞர் விதியை மீறினால் நிகழ்ச்சியை உடனே நிறுத்துவதற்கு மேடை மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. ஒரு சொல்லுக்காகவோ செயலுக்காகவோ அழுத்தக்கூடிய அந்த விசையை, ஒரு பிள்ளையின் மூச்சுக்காகவும் அழுத்த அதிகாரம் உள்ள ஒருவரை மேடையருகே நிறுத்துங்கள். பாட்டை நிறுத்தி, விளக்குகளை ஏற்றி, "இரண்டடி பின்னால் போங்கள்" என்று மேடையிலிருந்து சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது, காதுக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோல் இருக்கிறது என்றாள் என் மகள். அது மாலைவரை நீடித்தது. நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் ஒன்று இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பஞ்சு போன்ற காதடைப்பான் மருந்துக்கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள். அதை வாசலிலேயே கொடுத்தால் பெற்றோர் சொல்லிக் கேட்காத பிள்ளையும் போட்டுக்கொள்ளும். உள்காதின் உணர்வணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

எங்கள் தண்ணீர்ப் புட்டிகளை வாசலில் வாங்கிக் கொட்டிவிட்டு, உள்ளே ஒரு புட்டியை ஏழு வெள்ளிக்கு விற்றார்கள். மூடியைக் கழற்றிவிட்டுக் காலிப் புட்டியையாவது அனுமதித்து, உள்ளே குழாய் வையுங்கள். கடைசி எல்.ஆர்.டி. ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும் என்று தெரிந்தும் 11.50க்கு நிகழ்ச்சியை முடிக்காதீர்கள். அல்லது புக்கிட் ஜாலிலில் பெரிய நிகழ்ச்சிகளின்போது செய்வதுபோல் ரயில் நேரத்தை நீட்டிக்க முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அந்தத் தோழி இப்போது நலம். அடுத்த விழாவுக்கு மூவரும் போக வேண்டும் என்று இருவரும் கேட்கிறார்கள். நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன். மகள் வாரம் பத்து வெள்ளி சேர்த்து வருகிறாள். நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கும் முன், கைப்பட்டை எண்ணைப் பற்றியும் பெற்றோர் நிற்கும் இடத்தைப் பற்றியுமாவது உங்கள் முடிவைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செந்தூலிலிருந்து ஒரு தாய்