அக்காவுக்கு, ஈஸ்ட் ஹாமிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள் என்றால் கேட்கமாட்டாள்; நீதான் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட வேண்டும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. விலையைக் கேட்கும்போதுதான் மாட்டுங்கா மார்க்கெட் நினைவுக்கு வருகிறது. வீட்டுச் சேதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "அங்கே பிள்ளைகளைக் கண்ணாடிப் பாத்திரம் போல வைத்திருக்கிறார்கள். இங்கே தாராவியில் ஒரு வகுப்புக்கு ஐம்பது பேர். எல்லார் பெயரும் நினைவில் நிற்பதே பெரிய காரியம்" என்று போன வாரம் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து மனம் அதிலேயே சுற்றுகிறது.

உதவி ஆசிரியை வேலை கிடைத்தும் பல வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரில் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று இந்த நாட்டுச் சான்று வர வேண்டும். மும்பைப் போலீசிடமிருந்தும் ஒரு சான்று வர வேண்டும். என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறார்களே என்று கோபமாகத்தான் இருந்தது. காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். 2002இல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் சோஹம் என்ற சிற்றூரில், 10 வயதுச் சிறுமிகள் இருவரை ஒருவன் கொன்றான். அவ்வூர்ப் பள்ளி ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தவன். முன்பு வாழ்ந்த ஊரில் அவன்மேல் பல புகார்கள் போலீசுக்குப் போயிருந்தன. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை. வேலை கொடுத்த பள்ளிக்கு ஒன்றுமே தெரியவில்லை. 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கைக்குப் பிறகுதான் இந்தச் சோதனைகள் இவ்வளவு இறுகின. அதைப் படித்ததும் என் கோபம் போய்விட்டது.

பள்ளி விடும் நேரத்தை நீ பார்க்க வேண்டும். நம் பக்கம் மணி அடித்ததும் கேட்டைத் திறந்துவிட்டால் மடை உடைந்த மாதிரி பிள்ளைகள் ஓடுவார்கள். இங்கே ஆசிரியை வாசலில் நின்று, அழைத்துப் போக வந்தவரின் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே பிள்ளையின் கையை விடுகிறார். ஒரு நாள் யாழ்ப்பாணத்துத் தாத்தா ஒருவர் பேத்தியைக் கூட்டிப்போக வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. பேத்தி "தாத்தா" என்று தாவுகிறாள், ஆசிரியை விடவில்லை. பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான்தான் போய்த் தமிழில் பேசினேன். பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளையை அனுப்பினோம். மறுநாள் அதே பெரியவர் என்னிடம் வந்து, "நேற்று மனம் நொந்துதான் போனேன் பிள்ளை. ஆனால் நீங்கள் செய்தது சரி" என்றார்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். சேர்ந்த முதல் மாதம். ஆறு வயதுப் பெண் ஒருத்தி வண்ணப் பென்சில் சீவிக்கொண்டே, "ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லக் கூடாது" என்றாள். நம் பழக்கம் இருக்கிறதே, கையில் கை அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். அவள் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. செய்யக் கூடாதது என்று பயிற்சியில் முதலில் சொன்னதே அந்தச் சத்தியம்தான், அதைச் செய்துவிட்டேன்.

ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று பொறுப்பாசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் பள்ளியில் அவர் படம் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில்கூட ஒட்டியிருக்கும். நேரே அவரிடம் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அவளிடம் திரும்பிப் போங்கள். சத்தியம் செய்தது உங்கள் தவறு, அவள் தவறு இல்லை என்று சொல்லுங்கள். அவளைக் காக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்றும் சொல்லுங்கள்" என்றார். பிறகு எழுத உட்கார வைத்தார். தேதி, நேரம், இடம், அவள் சொன்ன சொற்கள். என் சொற்களைக் கலக்கக் கூடாது. உடம்பின் ஒரு பாகத்துக்கு அவள் ஒரு குழந்தைச் சொல் வைத்திருந்தாள். அதை நாகரிகமாக மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். "அவர் அடித்தாரா?" என்ற மாதிரி விடையை வாயில் ஊட்டும் கேள்வி கேட்கக் கூடாது. "சொல்லும்மா, அப்புறம் என்ன?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆளாளுக்கு மறுபடி மறுபடி கேட்டால் குழந்தை குழம்பிப் போவாள். நாளைக்கு வழக்கென்று வந்தால் அவள் பேச்சை அதை வைத்தே உடைப்பார்கள். அன்று மாலைக்குள் விஷயம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. அவள் என்ன சொன்னாள் என்பதை உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் அக்கா. கேட்காதே.

அன்றிரவு தூங்கவில்லை. நாம் வளர்ந்த சால் குடியிருப்பில் கீழ்வீட்டுப் பெண் நினைவுதான். ஆறாம் வகுப்பில் திடீரென்று டியூஷனுக்குப் போகமாட்டேன் என்றாளே. சோம்பேறி என்று அவள் அம்மா விளக்குமாற்றால் அடித்ததை நாம் மாடிப்படியில் நின்று பார்த்தோம். தனியாகப் போகப் பயந்து, தண்ணீர்க் குழாயடியில் நமக்காகக் காத்து நிற்பாள். நாம் இருவரும் போர்வைக்குள் அதைப் பற்றிக் கிசுகிசுத்தோம், அம்மாவிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் ஒருவர்கூட அவளை உட்காரவைத்து ஏன் என்று கேட்கவில்லை. என்ன நடந்ததோ, ஒன்றும் இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

பத்லாப்பூர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு உங்கள் பள்ளியில் கேமரா வைத்துவிட்டார்கள் என்றாய். நல்லதுதான். 2024 ஆகஸ்டில் அங்கே மக்கள் தண்டவாளத்தில் இறங்கி நின்றதும், பள்ளி தகவல் தரவில்லை, போலீஸ் தாமதித்தது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டதும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது நடந்திருந்தால் அது பள்ளிக்கு வெளியே. எந்தக் கேமராவில் விழுந்திருக்கும்? அவள் முகத்தில் தெரிந்தது. தினமும் அந்த முகத்தைப் பார்த்த டீச்சர் ஒருவர் இருந்தார்.

சட்டம் நம் பக்கம் உறுதியாகவே இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு: இப்படி ஒரு குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு இல்லை. புகார் கொடுத்தால் பெண் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று உங்கள் தலைமையாசிரியை சொன்னாராமே. பெயரையும் படத்தையும் பள்ளியின் பெயரையும் பத்திரிகையில் வெளியிடவே கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் வீட்டுக்கோ பிள்ளை விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும். ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான 1098 என்ற உதவித் தொலைபேசி எண்ணும் 1996இல் நம் மும்பையில் தொடங்கியதுதான். உங்கள் சுவரில் அது இருக்கிறதா? பெரியவர்கள் உயரத்தில் ஒட்டாமல் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டச் சொல்.

ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் எல்லாரையும் கவனிக்க முடியாது என்பது உண்மை. நான் கேட்பது ஒரு நோட்டு மட்டும். திங்கட்கிழமை தோறும் சாப்பாடு இல்லாமல் வருகிறவன், முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறவள், வீட்டுக்குப் போகும் நேரத்தில் அழுகிறவள். தேதி போட்டு இரண்டு வரி எழுதி பீரோவில் பூட்டி வை. இங்கே ஒரு பையன் பசியோடு வருவதை மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தோம். சேர்த்துப் பார்த்தபோது அவன் அம்மா படுத்த படுக்கையாக இருப்பது தெரிந்து, உதவி போயிற்று. தீங்கு என்று பிள்ளையே வாய் திறந்து சொன்னால் நோட்டோடு நிற்காதே, அன்றே 1098ஐக் கூப்பிடு. சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கவோ சமாதானம் பேசவோ யாரையும் விடாதே.

இந்த நோட்டைப் பற்றித் தலைமையாசிரியை என்ன சொல்கிறார் என்று எழுது. சின்னவளுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன், மாத்தேரான் மலைக்குப் போனால் போடட்டும். இன்னொன்று: கீழ்வீட்டுப் பெண் கல்யாணமாகிக் கல்யாண் பக்கம் போனதாக அம்மா ஒருமுறை சொன்ன நினைவு. அவள் போன் நம்பர் கிடைக்குமா என்று விசாரி. பழைய கதை எதுவும் கேட்கப் போவதில்லை. அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

அன்புடன்,
உன் தங்கை