தண்டர் பே போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கோதுமை ஏற்ற கனடாவின் தண்டர் பே துறைமுகத்துக்குப் போவதாகவும், புது கேப்டனைத் தூக்கத்தில் எழுப்பினால் வள்ளென்று விழுகிறார் என்றும் எழுதியிருந்தாய். முதல் விஷயத்தைப் படித்ததும் இரண்டாவது விஷயம்தான் எனக்கு உறுத்தியது.

நவம்பர் கடைசியில், தண்டர் பே இருக்கிற சுப்பீரியர் ஏரியில் இருப்பாய். 560 கிலோமீட்டர் நீளமுள்ள தண்ணீர் அது. வடமேற்குக் காற்று கிளம்பினால் தடுக்க ஒன்றும் கிடையாது. பெருங்கடல் அலை நீண்டு வரும், கப்பல் ஏறி இறங்க நேரம் கொடுக்கும். ஏரி அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து முகப்பில் அறையும். சிதறுகிற தண்ணீர் டெக்கெல்லாம் விழும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டால் விழுந்த இடத்திலேயே ஐஸ். கடல் தண்ணீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி ஆக வேண்டும். நல்ல தண்ணீருக்கு அதுவும் வேண்டாம்.

போசனாக, டெக் ஆட்களுக்குத் தலைவனாக, இருந்த காலத்தில் ரஷ்யாவை ஒட்டிய ஒகோட்ஸ்க் கடலில் இதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி விரல் மொத்தத்தில் இருந்த கைப்பிடிக் கம்பி விடிவதற்குள் தொடை மொத்தம் ஆகியிருந்தது. கயிறு இழுக்கும் வின்ச் எது, கயிறு கட்டும் பொல்லார்டு எது என்றே தெரியவில்லை. புது ஐஸை மரச் சுத்தியலால் தட்டினால் தகடு தகடாக விழும். விட்டு வைத்தால் அடிக்கிற கைதான் வலிக்கும்.

அமெரிக்க வானிலைக்காரர்கள் ஹெவி ஃப்ரீசிங் ஸ்ப்ரே வார்னிங், அதாவது தெறிக்கிற தண்ணீர் கடுமையாக உறையும் என்ற எச்சரிக்கை, கொடுத்தால் மணிக்கு 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஐஸ் கட்டும் என்று அர்த்தம். 100 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பார், மணிக்கு 1.8 டன் வரும். அத்தனையும் மேலே, மாஸ்ட்டிலும் கிரேனிலும் ரெயிலிலும். சின்ன மீன்பிடிப் படகு இதற்கே புரண்டுவிடும். உங்களுடையது பெரிய கப்பல், சரக்கு அடியில் இருக்கும், உடனே கவிழாது. ஆனால் லைஃப்போட் கொக்கி, ராஃப்ட், நங்கூரம் தூக்கும் விண்ட்லாஸ் எல்லாம் இறுகிப்போகும். காற்று ஒரே பக்கம் அடித்தால் அந்தப் பக்கமே கனத்துச் சாயும். அலையில் ஒரு பக்கம் சாய்ந்த கப்பல் நிமிர வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பார். சோம்பலாக நிமிர்ந்தால் மேல் பாரம் கூடிவிட்டது.

அதுவரைக்கும் காத்திருக்காதே. ரெயிலில் முதல் ஐஸ் கண்ணில் பட்டதுமே கேப்டனை எழுப்பு. திட்டினால் திட்டட்டும். வேகத்தைக் குறைக்கவோ, காற்றைப் பின்பக்கம் வாங்கவோ, ஏரியின் தென்கரையிலுள்ள கீவினாவ் தீபகற்பத்தின் மறைவில் ஒதுங்கவோ அப்போது முடியும். டெக் முழுக்க கட்டிய பிறகு எதுவும் சுலபமில்லை. ஏரியிலிருந்து கப்பலை இறக்கிவிடும் மதகுகளான சூ லாக்ஸை ஜனவரி 15-ல் மூடுவார்கள், கடலுக்குப் போகும் செயின்ட் லாரன்ஸ் பாதை அதற்கும் முன்னாலேயே மூடிவிடும். அதனால் சரக்குக்காரன் அவசரப்படுத்துவான். அது கேப்டனின் தலைவலி. பார்த்ததைப் பார்த்த உடனே சொல்வது வாட்ச்சில் நிற்கிறவன் வேலை.

1975 நவம்பர் 10-ல் அதே ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் மூழ்கியது. 222 மீட்டர் கப்பல், உள்ளே இரும்புத்தாது. சாயங்காலமே ரெயில் போய், காற்றுக்குழாயான வெண்ட் போய், கப்பல் சாயத் தொடங்கியதைப் பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ரேடாரும் போயிற்று. இரவு 7.10-க்கு ஆண்டர்சன் விசாரித்தபோது, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அபாய அழைப்பு வரவே இல்லை. 29 பேரும் போனார்கள். அங்கே ஐஸ் காரணமில்லை. எது காரணம் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் 'சமாளிக்கிறோம்' என்ற பேச்சை கப்பலில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது பிடிக்காது.

ஐஸ் தட்ட ஆள் அனுப்பினால் தனியாக அனுப்பாதே, இடுப்பில் கயிறு இருக்கட்டும். உயரத்தில் இருப்பதை முதலில் இறக்கச் சொல், இரண்டு பக்கமும் சமமாக. ஹைட்ராலிக் பைப் மேல் சுத்தியல் படக்கூடாது. கையுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள், நனைந்ததோடு வெளியே போகாதே.

லோடு முடிந்ததும் டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம், எவ்வளவு என்று எழுது. சூ லாக்ஸ் இறங்கியதும் ஒரு வரி போடு.

அன்புடன்,
அப்பா