ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், அந்த மண்டபம்

மதிப்பிற்குரிய கோயில் நிர்வாகக் குழு அண்ணன்மாருக்கு வணக்கம்.

போன கூட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். கோயில் மண்டபத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றி நர்ஸம்மா பேச இருந்ததை வேண்டாமென்று நிறுத்திவிட்டீர்கள். "சாமி இருக்கிற இடத்தில் அந்தப் பேச்சு எதற்கு? ஒழுக்கமான வீட்டில் அதெல்லாம் வராது" என்றார் ஒருவர். அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று கும்பிட்ட ஜனம் நாம். இந்த நோயைப் போலவே அதுவும் வைரஸால் வருவதுதான், அண்ணா.

என் பெரியக்காவுக்கு இரண்டு வருஷம் உதிரப்போக்கு. "நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்பாள். துணியை ராத்திரியில் துவைத்து, கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள். ஆடிக் கூழ் கிண்டும்போது அகப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீங்களும் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் பரவியிருந்தது. அங்கேயும் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் ஒழுக்கம் பார்ப்பதில்லை. தாலி கட்டிய ஒருவர் மூலமாகவே வரலாம். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்தான் வம்பு. அதன் ஈ7 புரதம், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் போல இருக்கும் நம் ஆர்பி புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். செல்லைப் பிரியச் சொல்லும் மரபணுக்கள் ஓயாமல் ஓடும். பழுதான செல்லை நிறுத்தவோ சாகடிக்கவோ வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடுவது நம் உடம்பின் பி53 என்ற புரதம். வைரஸின் ஈ6 புரதம் அதை, செல்லின் சொந்த ஆளை வைத்தே அழித்துவிடும். இதெல்லாம் பத்து, இருபது வருஷம் சத்தமில்லாமல் நடக்கிறது. கருப்பைவாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை செய்திருந்தால் புற்றாகும் முன்பே தெரிந்திருக்கலாம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் 2014 முதல் அரசுப் பள்ளிகளில் ஒன்பது வயது தாண்டிய பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிவம் ரொட்டி எண்ணெய்க் கறையோடு பைக்குள்ளேயே கிடக்கிறது. "போட்டால் என்ன நினைப்பாங்களோ" என்கிறாள் தாய். நினைக்கப் போவது நீங்கள்தான். அதனால்தான் மண்டபம் கேட்கிறோம்.

ஈமச்செலவுக் காப்புறுதி விற்க வந்தவருக்கு மைக் கொடுத்தீர்களே! செத்த பிறகு ஆகிற செலவைப் பேசலாம், சாகாமல் இருப்பதைப் பேசக் கூடாதா? பிரியாணி விற்று நிதி சேர்க்கவும் நாங்கள், பாத்திரம் தேய்க்கவும் நாங்கள். குழுவில் மட்டும் ஒரு பெண் இல்லை. சரி, அது வேறு பேச்சு.

கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடிக்கு முன் ஏதாவது ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் மண்டபம் தாருங்கள். நாற்காலிகளை நாங்களே அடுக்கி வைத்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
கூழ் கிண்டும் பெண்களில் ஒருத்தி
சாட்ஸ்வொர்த், டர்பன்