அந்த ஒரு காட்சியோடு நின்றிருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரெட்டா கெர்விக்கின் 'லிட்டில் விமன்' (2019) எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அதில் ஒரு சின்னக் காட்சி இன்னும் மனதை உறுத்துகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால நிவாரண வேலையில் இருக்கும், கதையின் நாயகிகளான நான்கு சகோதரிகளின் அம்மா, தன் நாட்டை நினைத்து வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டதாகச் சொல்கிறார். இன்னமும் வெட்கப்படத்தான் வேண்டும் என்று பக்கத்தில் நிற்கும் கறுப்பினப் பெண் மரியாதையாகவே பதில் சொல்கிறார். அவ்வளவுதான். அப்புறம் கதை சகோதரிகளிடம் திரும்பிவிடுகிறது.

அந்தக் காலத்துக் கதை என்றால் வெள்ளையர்கள்தானே இருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட்டின் அப்பா பாஸ்டனில் நடத்திய பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவளை நீக்க அவர் சம்மதிக்கவில்லை, கடைசியில் பள்ளியையே மூட வேண்டியதாயிற்று. 1847-இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு அந்தக் குடும்பம் கான்கார்டு ஊரில் தங்கள் வீட்டிலேயே அடைக்கலம் கொடுத்தது. விடுதலை பெற்ற ராபின்ஸ் என்ற கறுப்பினக் குடும்பத்தின் வீடு அதே ஊரில் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது.

சகோதரிகளின் நிறத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடு, ஒரு குடும்பம், இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம். அவர் மகள்கள், சகோதரிகளில் ஒருத்தியான ஜோவின் வயதில் இருந்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று கேட்க எனக்கு நிஜமாகவே ஆசை.

இப்படிக்கு,
ஒரு வாசகி