சின்னப் படகுல சாமானுக்கு ஒரு இடம்: கமிட்டியோட நன்கொடை வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். படகு கமிட்டி சார்பா எழுதுறேன். கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு விஷயம் தெரியும், வராதவங்களுக்காக முதல்லேர்ந்து சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிச்சுட்டு உங்களால முடிஞ்சத செய்யுங்க.

நம்ம படகு எல்லாமே மேல மூடி இல்லாத சின்னப் படகுதான். அதுக்குள்ள ரெண்டு மூணு ஆளு, வலை, தூண்டில் தொட்டி, நங்கூரம், பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி, குடிதண்ணி, துடுப்பு, பேட்டரி, ஸ்பேனர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குது. கரையில நின்னு பாத்தா இதுல என்ன கஷ்டம்னு தோணும். ராத்திரியில இன்ஜின் நின்னு, படகு அலைக்குக் குறுக்க திரும்பி ஆடும்போதுதான் கஷ்டம் தெரியும்.

எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது. ஒரு நாள் நானும் மாமா பையனும் திரும்பி வர்ற வழியில இன்ஜின் நின்னுபோச்சு, நீரோட்டம் பாறைப் பக்கமா இழுக்குது, நங்கூரத்த போட்டாகணும், நங்கூரம் வலைக்கு அடியில. இழுத்தா கயிறோட வலை மிதப்பும் சேந்து வருது, எப்படியோ பிச்சு எடுத்து வீசினதும் கயிறு ஓட ஆரம்பிச்சுது, அந்த வளையத்துக்குள்ள அவன் கால். கத்தி எங்கன்னு ரெண்டு பேரும் தடவுறோம், அது ஐஸ் பெட்டிக்குப் பின்னாடி விழுந்து கிடந்திருக்கு. கணுக்கால்ல தோல் உரிஞ்சதோட தப்பிச்சான். அன்னைக்கு எங்ககிட்ட இல்லாத சாமான்னு ஒண்ணுமே இல்ல, எல்லாமே படகுலதான் இருந்துச்சு, கைக்குத்தான் கிடைக்கல.

அதனாலதான் இந்த வேலை. நம்ம எல்லா படகுலயும் சாமான் வைக்க கழட்டி மாட்டுற மாதிரி தொட்டி, பெட்டி, கட்டுறதுக்கு வளையம், வார் எல்லாம் செஞ்சு கொடுக்கணும்னு கமிட்டி முடிவு பண்ணிருக்கு. எல்லா படகுலயும் ஒரே மாதிரி, ஒரே இடத்துல. இத சிலர் கேட்டாங்க, என் படகுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே, எதுக்கு இதெல்லாம்னு. உங்களுக்குத் தெரியும், சரி. தண்ணியில விழுந்தது நீங்களா இருந்தா? கூட வந்த பையன் இன்னைக்குத்தான் உங்க படகுல ஏறினவனா இருந்தா? யாரு யாரு படகுல ஏறினாலும் இருட்டுல கை நீட்டினா கத்தி இருக்கணும், வாளி இருக்கணும், டார்ச் இருக்கணும். ஆளாளுக்கு தனியா செஞ்சா இது வராது, சேந்து செஞ்சாத்தான் வரும்.

என்ன செய்யப் போறோம்னா, முதல்ல நங்கூரம். 10 மீட்டர் ஆழத்துல நங்கூரம் பிடிச்சு நிக்கணும்னா அதுல 5லேர்ந்து 7 மடங்கு, அதாவது 50லேர்ந்து 70 மீட்டர் வரைக்கும் கயிறு விடணும். அவ்வளவு கயிற சும்மா தரையில போட்டா சிக்காம இருக்குமா? அணியத்துல, அதாவது படகோட முன்பக்கத்துல, அடியில ஓட்டை போட்ட ஒரு தொட்டி, கயிறோட கடைசி முனைய படகோட கட்டிட்டு அந்த முனையிலேர்ந்து தொட்டிக்குள்ள அடுக்கிட்டே வந்தா நங்கூரம் மேல வந்து உக்காந்துரும், வீசினா கயிறு சிக்காம ஓடும், ஓட்டை வழியா தண்ணி வடிஞ்சு காஞ்சும் போகும். நங்கூரத்த பின்பக்கமா கட்டுற பழக்கம் யாருக்காவது இருந்தா தயவுசெஞ்சு விட்டுருங்க, இன்ஜின் பாரம் இருக்குற பக்கத்த அலைக்கு காட்டினா தண்ணி நேரா உள்ள ஏறும்.

அடுத்தது பாரம். 20 லிட்டர் தண்ணி 20 கிலோ, 20 லிட்டர் பெட்ரோல் சுமார் 15 கிலோ, அதோட ஐஸ், நனைஞ்ச வலை. பின்னாடி ஏற்கனவே இன்ஜினும் அத ஓட்டுற ஆளும் இருக்காங்க. அதனால கனமானது எல்லாம் கீழ, நடுவுல, ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இருந்தா மட்டும் போதாது, நகராம கட்டியும் வைக்கணும். படகு சாயும்போது கேனும் பெட்டியும் சாஞ்ச பக்கத்துக்கே ஓடுச்சுன்னா படகு திரும்ப நிமிராமலே போயிரும், உள்ள தேங்கின தண்ணியும் இதே வேலையத்தான் பண்ணும். பெட்டிங்களுக்கு அடியில சின்னச் சின்ன கால் வைக்கிறோம், தண்ணி தடையில்லாம பின்னாடி ஓடி வரணும், அங்க வாளி கயித்துல கட்டியே இருக்கணும்.

வளையம் மாட்டுறதுக்காக யாரும் இப்பவே டிரில்ல எடுத்துட்டு இறங்கிராதீங்க. உக்கார்ற பலகைக்குக் கீழ காத்து அடைச்ச அறையோ ஃபோமோ இருக்கும், படகு மூழ்காம மிதக்குறதே அதனாலதான், அதுல ஓட்டை போட்டா போச்சு. எங்க திருகாணி போடலாம், எங்க கட்டை வெச்சு ஒட்டணும்னு ஃபைபர் வேலை தெரிஞ்சவங்க பாத்து சொன்னப்புறம்தான் கை வைக்கப் போறோம்.

பெட்ரோலும் பேட்டரியும் பக்கத்துல பக்கத்துல இருக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், மேல போகாம படகோட அடியில தேங்கி நிக்கும், பேட்டரி ஒயர்ல ஒரு பொறி வந்தா போதும். பேட்டரிக்கு மூடி போட்ட பெட்டி, கேனுக்கு காத்தோட்டமான திறந்த சட்டம், ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு.

வலைக்கு நடுவுல தாழ்வா ஒரு தடுப்பு. மிதப்பு ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம்னு அடுக்கி, மேல தார்ப்பாய். வெயில்ல கிடந்தா நைலானும் பிளாஸ்டிக் கயிறும் இத்துப்போகும், அதுக்கும் தார்ப்பாய் உதவும். தூண்டில் தொட்டியோட விளிம்புல ரப்பர் பட்டை ஒட்டி முள்ள வரிசையா குத்தி வைக்கலாம், கையில கால்ல ஏறாது.

அவசரத்துக்கு ஒரு ஆரஞ்சு கலர் டப்பா. வாய் அகலமா, திருகு மூடியோட, தண்ணியில மிதக்குற மாதிரி. உள்ள டார்ச், விசில், வெளிச்சம் அடிச்சு சிக்னல் காட்ட கண்ணாடி, முதலுதவி சாமான், கை ஃப்ளேர் (ஆபத்துன்னு காட்ட கையில பிடிச்சு கொளுத்துற தீக்குச்சி மாதிரி). ஃப்ளேர்ல தேதி போட்டிருப்பான், பெரும்பாலும் செஞ்சதுலேர்ந்து 3 வருஷம் சொச்சம்தான் வரும், அத யாரும் பாக்குறதே இல்ல. கத்தி இந்த டப்பாவுக்குள்ள போகாது, உறையோட உக்கார்ற பலகைக்குக் கீழ, எல்லா படகுலயும் ஒரே பக்கம்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு என்ன பெட்டின்னு கேட்டாங்க. பெட்டி கிடையாது. அது உடம்புல இருக்கணும். பெட்டி செஞ்சு கொடுத்தா அதுலயேதான் கிடக்கும்.

இனி என்ன வேணும்னு சொல்றேன். சாப்பாட்டுப் பொருள் வந்த பிளாஸ்டிக் டிரம், மீன் கிரேட், கிழியாத தார்ப்பாய், தடிமனான ரப்பர் ஷீட், மரைன் பிளைவுட் துண்டு, ஸ்டெயின்லெஸ் திருகாணி, வளையம், பெல்ட் வார், பிரதிபலிக்கிற ஸ்டிக்கர் டேப், பசை, பெயின்ட். மிச்சம் மீதி துண்டு துக்கடா எதுவானாலும் கொடுங்க. கெமிக்கல், பூச்சிமருந்து இருந்த டிரம் எவ்வளவு கழுவினதா இருந்தாலும் வேண்டவே வேண்டாம். இரும்பு ஆணியும் வேண்டாம், உப்புத்தண்ணியில சீக்கிரமே துருப்பிடிச்சுரும். பழைய லைஃப் ஜாக்கெட்டையும் வாங்க மாட்டோம், உள்ள இருக்குற ஃபோம் அமுங்கிப்போனத இன்னொருத்தர் உயிருக்கு எப்படி கொடுக்குறது?

தச்சு வேலை, ஃபைபர் வேலை, தார்ப்பாய் தைக்கிற வேலை தெரிஞ்சவங்க ஒரு நாள் வந்தாலும் அது பெரிய நன்கொடை. பணமா கொடுக்குறவங்க எவ்வளவுன்னு யோசிக்க வேண்டாம், சின்னத் தொகைன்னு கூச்சப்படவும் வேண்டாம். பணத்த ரசீது இல்லாம யார் கையிலயும் கொடுக்காதீங்க, கமிட்டி ஆளா இருந்தாலும் சரி. வரவு செலவு ஒரே நோட்டுல, பில்லு ஒட்டி, ரெண்டு பேர் கையெழுத்தோட இருக்கும், ஒவ்வொரு கூட்டத்துலயும் வாசிப்போம், எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்.

முதல்ல ஒரே ஒரு படகுல செஞ்சு, ஒரு மாசம் கடலுக்கு கொண்டுபோய், எது உடையுது எது இடிக்குதுன்னு பாத்து திருத்திட்டுத்தான் மத்த படகுக்கு வருவோம். அப்புறம் வரிசையில தனி ஆளா கடலுக்குப் போறவங்க படகு முதல்ல, அவங்களுக்குத்தான் உதவிக்கு இன்னொரு கை கிடையாது. நன்கொடை கொடுக்க முடியாதவங்க படகும் இதே வரிசையிலதான் வரும், அத வெச்சு யாரையும் பின்னாடி தள்ள மாட்டோம்.

அளவெடுக்க உங்க படகுக்கு வரும்போது தயவுசெஞ்சு எல்லாத்தையும் எடுத்து சுத்தம் பண்ணி வெச்சுராதீங்க. கடலுக்கு எப்படி போவீங்களோ அப்படியே, வலை, கேன், ஐஸ் பெட்டியோட இருக்கட்டும், அதப் பாத்தாத்தான் எங்களுக்கு எதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு தெரியும்.