செம்பாவுக்கு முன்னால் மருந்து வாங்கிக்கொண்ட பூனைகளுக்கும் அவற்றை வளர்த்தவர்களுக்கும்

வணக்கம்.

எங்கள் வீட்டுப் பூனை செம்பா பிழைத்துவிட்டாள். டிசம்பர் 23 அன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் "இனி பயமில்லை" என்றார். அன்றிலிருந்தே இந்த மடலை எழுத வேண்டும் என்று இருந்தேன். யாருக்கு எழுதுவது என்பதிலேயே நாள் ஓடிவிட்டது. பக்கத்தில் நின்று உதவியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் செம்பா உயிரோடு இருப்பதற்கு முதல் காரணமானவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

2024 ஜூன் கடைசியில் அவளுக்கு உடம்புக்கு வந்தது. அப்போது ஒன்பது மாதக் குட்டி. சாப்பாட்டை விட்டாள். காய்ச்சல் 104 டிகிரி. முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டியது, வயிறு மட்டும் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே போனது. முதலில் காட்டிய இடத்தில், "இது எஃப்.ஐ.பி., பூனைகளுக்கு வரும் உயிர்க்கொல்லி நோய், மருந்து கிடையாது, ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை அனுப்பிவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்கள். வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா, பூனையை வீட்டுக்குள் சேர்க்கவே கூடாது என்று சொல்லி என்னை வளர்த்தவர். அன்று இரவு முழுக்க அவளை மடியில் போட்டுக்கொண்டு, விரலில் தயிரைத் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா, உங்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மாடி வீட்டு அக்காதான், "மருந்து இருக்கிறது, நீ பயப்படாதே" என்றார். 2020இல் அவருடைய பூனைக்கும் இதே நோய். அப்போது அமெரிக்காவில் இந்த மருந்தைச் சட்டப்படி வாங்க வழியில்லை. சீனாவிலிருந்து தபாலில் வரவழைத்த குப்பிகளை வைத்துக்கொண்டு, தினமும் தானே ஊசி போட்டிருக்கிறார். ஊசி எரிச்சலில் பூனை கத்தும், இவர் அழுதுகொண்டே போடுவாராம். 2024 மே மாதத்தில்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. வழிவிட்டது. ஜூன் 1 முதல் டாக்டர் சீட்டு இருந்தால் மருந்தகமே தயாரித்துத் தரும் மாத்திரை கிடைக்கத் தொடங்கியது. செம்பா படுத்தது அதற்குச் சில வாரம் கழித்து. அக்கா, அன்றைக்கு நீங்கள் கதவைத் தட்டியிருக்காவிட்டால் உயிரை அனுப்பும் அந்த ஊசிக்கு நான் சம்மதித்திருப்பேன்.

அக்கா அனுப்பிய டாக்டர் வயிற்றிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்தார். மஞ்சளாக, தேன் மாதிரி இழுபட்டது. ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டுக் கலக்கி, அதன்மேல் அந்த நீரில் ஒரு சொட்டை மெதுவாக விட்டார். சொட்டு கரையவில்லை. சிறு ஜெல்லிமீன் போல வாலை இழுத்துக்கொண்டு உள்ளே தொங்கி நின்றது. இது மட்டும் போதாது என்று மற்ற பரிசோதனைகளுக்கும் அனுப்பினார், ஆனால் எனக்கு அந்தச் சொட்டிலேயே தெரிந்துவிட்டது. அவசரப்படாமல் உட்கார்ந்து விளக்கினார். பூனைகளின் குடலில் சாதாரணமாக இருந்துவிட்டுப் போகிற ஒரு கொரோனா வைரஸ், ஏதோ ஒரு பூனையின் உடம்புக்குள் உருமாறி வெள்ளணுக்களில் புகுந்துகொள்கிறது, அதுதான் இந்த நோய் என்றார். டாக்டர், அந்த முக்கால் மணி நேரத்துக்கு நன்றி.

அன்று இரவு தேடித் தேடிப் படித்தேன். 1963இல் பாஸ்டனில் ஒரு பெண் மருத்துவர், ஜீன் ஹோல்ஸ்வொர்த், இந்த நோயை முதன்முதலில் விவரித்திருக்கிறார். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், நோயின் பெயரைச் சொன்னாலே முடிவு என்றுதான் அர்த்தம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் வாழ்நாளெல்லாம் இதையே துரத்தியிருக்கிறார். அவருடைய குழு ஜி.எஸ்.-441524 என்ற இதே மருந்தை, வீடுகளில் வளர்ந்து நோய்ப்பட்ட 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2019இல் முடிவு வெளியானது. அதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பூனைக்குக்கூட மருந்தில்லாத வெறும் ஊசி போடவில்லை, எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தார்கள். இதைப் படித்தபோது மனசு கொஞ்சம் ஆறியது.

அந்த 31 பூனைகளை வளர்த்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று இந்த மருந்து வேலை செய்யும் என்று உங்களுக்கு யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது. 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. அதில் 8 பூனைகளுக்கு நோய் திரும்பியது. தொடங்கிய அளவு, கிலோவுக்கு 2 மில்லிகிராம், போதாது என்று அவைதான் காட்டிக்கொடுத்தன. அளவு இரண்டு மடங்கானது. செம்பாவுக்கு டாக்டர் சீட்டு எழுதும்போது அளவைப் பற்றி ஒரு நொடி தயங்கவில்லை என்றால், அந்த எட்டு வீடுகளிலும் இரண்டாம் முறை பட்ட பாடு அதற்குள் இருக்கிறது.

மீதி ஐந்தும் பிழைக்கவில்லை. நான்கு பூனைகள் ஆய்வில் சேர்ந்த சில நாளிலேயே போய்விட்டன, ஒன்று 26 நாள் தாங்கியது. அந்த ஐந்து வீடுகளைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் பூனை பிழைத்த சந்தோஷத்தில் உங்களுக்கு நன்றி சொல்வது சரியா என்றுகூடத் தோன்றியது. சொல்லாமல் இருப்பது அதைவிடத் தப்பு. உங்கள் பிள்ளைகளின் கணக்கும் சேர்ந்துதான் அந்த முடிவு எழுதப்பட்டது.

அதற்கும் முன்னால், ஆய்வுக்கூடத்தில் நோயை வரவழைத்து இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த பத்துப் பூனைகள் உண்டு. அவற்றுக்குச் சம்மதம் கேட்க வழியில்லை. அவற்றுக்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மறக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ப்ரியா என்ற குட்டிப் பூனையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் நன்றி. 2005இல் அதன் பெயரில் நீங்கள் தொடங்கிய நிதி இன்றும் எஃப்.ஐ.பி. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 8இல் முதல் மாத்திரை. சூரை மீன் வாசனை இருந்தும் முதல் நாள் துப்பிவிட்டாள். கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் அந்தத் தம்பி, துண்டில் சுற்றி, வாயோரத்தில் விரல் வைத்துத் திறக்கக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் காலை, அம்மா இட்லிக்குச் சட்னி தாளித்துக்கொண்டிருந்தபோது காலைச் சுற்றி வந்து கத்தினாள். எடை கூடக் கூட மருந்தும் கூட வேண்டும் என்பதால் ஞாயிறுதோறும் மாவு பிசைகிற அகலப் பாத்திரத்தைச் சமையலறைத் தராசில் வைத்து அதில் உட்கார வைப்போம். 2.1 கிலோவில் தொடங்கியவள், செப்டம்பர் 29இல் 84ஆவது நாள் மாத்திரை முடிந்தபோது 3.4 கிலோ. அப்புறம் மருந்தில்லாமல் இன்னொரு 84 நாள், தினம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

வயிற்றில் நீர் சேரும் வகைக்கு 42 நாளே போதும் என்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் 40 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்திருக்கிறது. அந்த நாற்பது வீடுகளுக்கும் நன்றி. இனி நோய்ப்படும் குட்டிகளில் பலவற்றுக்குப் பாதி நாளும் பாதிச் செலவும் மிச்சமாகும்.

செம்பாவின் எடை, காய்ச்சல், மாத்திரை எல்லாம் எழுதிய நோட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். எந்த ஆய்வுக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
செம்பா வீட்டார்
நியூ ஜெர்சி