மலைத்தடத்திலிருந்து தண்ணீரை இறக்கிவிட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

நகரத்தை ஒட்டிய குன்றுகளில் சைக்கிள் தடத்தைச் சீரமைக்கும் வேலை முடிந்து, தடம் மறுபடியும் திறந்திருக்கிறது. மண் வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், தங்கள் நிலத்தின் வழியே போகவிட்டவர்கள், வேலை நடந்த நாட்களில் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லாருக்கும் இந்த மடல். ‘அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்துவிட மனம் வரவில்லை. யார் கைபட்ட வேலை தடத்தின் எந்த இடத்தைத் தாங்கி நிற்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், சரிவை அளக்கும் கிளினோமீட்டரும் கொடி நாடாவுமாக முட்புதருக்குள் நடந்து வழி குறித்தவர்கள். பழைய தடம் பாழானதற்கு டயர்களைவிட அது போன திசைதான் பெரிய காரணம். உச்சியிலிருந்து நேர்கீழாக இறங்கும் தடம், மழை வந்தால் வாய்க்காலாகிவிடும். தண்ணீர் வேகம் பிடிக்கப் பிடிக்க மண்ணை அள்ளிக்கொண்டு போகும். வேரும் கல்லும் வெளியே வரும். அதைத் தவிர்க்க ஓட்டுபவர்கள் பக்கத்தில் ஒதுங்குவார்கள். ஒரு தடம் மூன்றாகும். புதிய வழி குன்றின் இடுப்பைச் சுற்றிச் சரிந்து ஏறுகிறது. குறித்தவர்கள் கைக்கொண்ட கணக்கு எளிமையானது: குன்றின் பக்கச் சரிவு எவ்வளவோ, தடத்தின் சரிவு அதில் பாதியைத் தாண்டக் கூடாது. பக்கச் சரிவு 20 சதவீதம், அதாவது நூறு மீட்டருக்கு 20 மீட்டர் இறக்கம், என்றால் தடம் 10-க்குள். தாண்டினால், தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்தோடேயே ஓடத் தொடங்கும். பக்கச் சரிவு 60 சதவீதம் இருந்தால் இந்தக் கணக்குப்படி 30 வரை போகலாம், ஆனால் அவ்வளவு செங்குத்தில் டயருக்கடியில் மண் நிற்காது. அதனால் முழுத் தடத்தின் சராசரியை 10 சதவீதத்துக்குள் வைத்தார்கள். சமதரை கிடைத்தும் அதை விட்டுவிட்டுச் சரிவைத் தேடிப் போனதற்குத் தனியாக ஒரு நன்றி. பார்வைக்குச் சமதரை சுலபமாகத் தெரியும். அங்கே விழுந்த தண்ணீருக்குப் போக வழியே இல்லை, சேறுதான் மிஞ்சும். கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டச் சலிக்காத கைகள் அவை.

அடுத்து, பிக்காசும் மண்வெட்டியும் பிடித்தவர்கள். சரிவில் பாதியை வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி மீதிப் பாதியை ஆக்கிவிடுவது சீக்கிரம் முடிகிற வேலை. இரண்டு மழைக்கு அந்தக் கொட்டிய பாதி அமுங்கிச் சரிந்துவிடும். இவர்கள் தடத்தின் முழு அகலத்தையும் குன்றின் கெட்டியான மண்ணுக்குள்ளேயே வெட்டினார்கள். மேலே கிடந்த சருகையும் மட்கையும் முழுக்க வழித்தெடுத்து, வேர்முடிச்சைக் கிள்ளி எறிந்து, நிறம் மாறிய கனிம மண் தெரிந்த பிறகே தளம் போட்டார்கள். மட்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அழுகி இறங்கும். அதன்மேல் போட்ட தளம் எதுவும் நிலைக்காது. வெட்டிய மண்ணை ஓரத்தில் குவிக்காமல், கீழ்ச்சரிவில் தூர வீசிப் பரப்பினார்கள். மேல்பக்கச் சுவரையும் செங்குத்தாக விடாமல் சாய்த்துச் சீவினார்கள். செங்குத்தாக விட்டால் மழைக்குப் பொலபொலவென்று உதிர்ந்து தடத்தின் உள்பக்கத்தை மூடிவிடும்.

தளத்தின் வெளிச்சாய்வுதான், அதாவது தண்ணீர் குறுக்கே வழிந்துபோகக் கீழ்ச்சரிவுப் பக்கம் கொடுக்கும் லேசான சாய்வுதான், மொத்த வேலைக்கும் உயிர். சாய்வு 5 சதவீதம் வேண்டும். கண்ணால் பார்த்தால் சமமாகத்தான் தோன்றும். அதற்கு ஒருவர் ஒரு மீட்டர் நீளப் பலகை கொண்டுவந்தார். பலகையைத் தடத்தின் குறுக்கே போட்டு, வெளிப்பக்க முனைக்கு அடியில் 5 சென்டிமீட்டர் கட்டை ஒன்றைச் சொருகி, மேலே ரசமட்டத்தை வைத்தால், குமிழ் நடுவில் நிற்க வேண்டும். வெளிப்பக்கம் ஓடினால் இன்னும் சீவ வேண்டும். உள்பக்கம் ஓடினால் சாய்வு அதிகம், ஈரத்தில் டயர் வழுக்கும். சில அடிக்கு ஒருமுறை குனிந்து இதைப் பார்த்துப் பார்த்து, முழு நீளத்துக்கும் செய்து முடித்தார்கள். அந்தப் பலகைக்காரருக்கு நாங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது மழை நாளில் தடத்தைப் பார்த்தால் தெரியும்.

குன்றடியில் விவசாயம் செய்கிறவர்களுக்கு என்ன சொல்ல! தடத்தின் வெளி ஓரத்தில் டயர் ஒதுக்கும் மண் சேர்ந்து ஒரு சிறு மேடாகும். நாங்கள் அதை மேடு என்றோம். அவர்கள் பார்த்ததும் வரப்பு என்றார்கள். சரியான சொல். வரப்பு கட்டினால் தண்ணீர் நிற்கத்தானே செய்யும். நடுவில் தளம் தேய்ந்து இறங்க, ஓரத்தில் வரப்பு ஏற, வெளிச்சாய்வு செத்துப்போகும். அதை வெட்டித் தள்ளுவதற்கு மட்டும் தனி நாள் ஒதுக்கி வந்தார்கள். மேலிருந்து எந்தெந்தத் தாழ்வில் மழைநீர் இறங்கும், எது வெயில் காலத்திலும் கசிகிற இடம் என்று அவர்கள் காட்டிய பிறகே தடத்தின் ஏற்ற இறக்கங்கள் முடிவாயின. தடம் இறங்கிக்கொண்டே போகாமல், ஏறக்குறைய 6 முதல் 15 மீட்டருக்கு ஒருமுறை கொஞ்சம் ஏறி மறுபடி இறங்க வேண்டும். அந்தத் தாழ்வான புள்ளியில் தண்ணீருக்கு வேறு போக்கில்லை. தடத்தை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். குறுக்கே மரக்கட்டை பதிக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. கட்டைக்குப் பின்னால் வண்டல் நிறைந்ததும் தண்ணீர் மேலேறி ஓடும். நனைந்த கட்டையில் சக்கரம் சாய்வாக ஏறினால் கீழே விழுவதும் நிச்சயம். ஏற்ற இறக்கத்தை வழிக்குள்ளேயே வைத்துவிட்டால் தூர்வாரும் வேலை வெகுவாகக் குறையும், ஓட்டவும் சுகமாக இருக்கும்.

கல்வேலை தெரிந்தவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். எப்போதும் ஈரமாயிருக்கும் ஓடைக் குறுக்குகளில் மண் எதுவும் நிற்காது, கல் பாவித்தான் ஆக வேண்டும். தட்டையான கல்லை மேலே பரப்பினால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அவர்கள் கெட்டி மண் தட்டும் வரை தோண்டச் சொன்னார்கள். பிறகு கீழ் முனையிலிருந்து தொடங்கினார்கள்: இருப்பதிலேயே பெரிய கல்லை நிறுத்தி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இறக்கினார்கள். மற்ற எல்லாக் கல்லும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கடைசியில் பாரத்தை அதன்மேல்தான் போடும். ஒவ்வொரு கல்லும் படுக்கவில்லை, பல் முளைத்ததுபோல் நிற்கிறது. இடுக்குகள் ஓட்டும் திசையில் ஒரே கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி வைத்தார்கள், இல்லையென்றால் டயர் அதில் மாட்டிக்கொள்ளும். இடைவெளியில் சல்லியும் மண்ணும் திணித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். ஒவ்வொரு கல்லின்மேலும் ஏறி நின்று, இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஊன்றி ஆட்டிப் பார்த்தார்கள். மயிரிழை ஆடினாலும் பிடுங்கி மறுபடி வைத்தார்கள். இன்று கொஞ்சம் ஆடும் கல்லை நாளை நூறு சக்கரங்கள் நெம்பி எடுத்துவிடும். இரண்டு ஓரங்களிலும் உருட்ட முடியாத பாறைகளை நட்டதும் அவர்கள் யோசனையே. கல்லைத் தவிர்த்துப் பக்கத்துச் சேற்றில் இறங்க இனி யாருக்கும் வழியில்லை.

வளைவுகளின் வெளிக்கரையைக் கட்டியவர்களுக்கும் நன்றி. மண்ணைக் கைப்பிடியில் அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை தெளித்தும் ஆறவிட்டும் காத்திருந்து, 10 சென்டிமீட்டர் அடுக்குகளாக இடித்து ஏற்றினார்கள். ஒரேயடியாகக் குவித்து மேலே மட்டும் தட்டிய கரை, உள்ளே பொக்கென்று இருந்து முதல் கோடையிலேயே விரியும். கரை கட்டிய வளைவு ஒரு கிண்ணம் மாதிரி. அதனால் வளைவுக்கு முன்பே தண்ணீரை வெளியேற்றிவிட்டார்கள். வளைவை நெருங்கும் இறக்கத்தையும் தணித்தார்கள். வேகமாக வந்து கடைசி நேரத்தில் பிரேக் பிடிக்கும் இடங்களில்தான் அலை அலையாகப் பள்ளம் விழும்.

பழைய தடத்தை மூடியது யார் கண்ணுக்கும் படாத உழைப்பு. இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, குறுக்கே கல்லும் கட்டையும் இரு கரைக்குள் புதையும்படி பதித்து, மேல்தடுப்பின் அடி கீழ்த்தடுப்பின் தலைமட்டத்துக்கு வரும்படி இடைவெளி விட்டு, அந்தக் குன்றிலேயே வளரும் செடிகளை நட்டார்கள். இரண்டு முனைகளிலும் காய்ந்த கிளைகளை ஊன்றி நிறுத்தியதில்தான் சாமர்த்தியம். வழி கண்ணுக்குத் தெரிந்தால் எந்த அறிவிப்புப் பலகையும் ஓட்டுபவரை நிறுத்தாது.

வந்தவர்களின் சைக்கிள்களையெல்லாம் பார்த்துக் கொடுத்த மெக்கானிக்குகளுக்கும், வரிசை எண் எழுதிய கம்பங்களை அடிவாரத்திலிருந்து நட்டுக்கொண்டே ஏறியவர்களுக்கும் நன்றி. விழுந்தவர் எந்தக் கம்பத்தருகே கிடக்கிறார் என்று சொல்ல முடிந்தால் உதவி வரும் நேரம் வெகுவாகக் குறையும். அகல டயருக்கு 22 முதல் 28 பி.எஸ்.ஐ. காற்றே போதும் என்று மெக்கானிக்குகள் சொல்லிச் சொல்லிக் குறைத்துவிட்டது தடத்துக்கும் நல்லது. கல்லாக இறுகிய டயர் பிடிப்பில்லாமல் வழுக்கி மண்ணைக் கீறும்.

நடைப்பயிற்சிக்கு வருபவர்களே, மூடியிருந்த நாட்களில் சுற்றுவழியில் போனீர்கள், முகம் சுளிக்கவில்லை. நடப்பவர்களுக்கும் மேலேறி வருபவர்களுக்கும் இறங்குபவர் நின்று வழிவிடுவதே இங்கே முறை. அதை நாங்களும் தவறாமல் காப்போம்.

மழை விட்டதும் ஓட்டக் கை பரபரத்தும் காத்திருந்த ஓட்டுநர்களுக்கு மனமார்ந்த நன்றி. டயர் தடம் ஆழமாகப் பதிந்து அப்படியே நின்றால் திரும்பிவிடுவது, சிறு குட்டை இருந்தால் ஒதுங்காமல் நடுவிலேயே கடப்பது, இந்த இரண்டையும் நீங்கள் கடைப்பிடித்ததால்தான் புதுத்தளம் இறுக அவகாசம் கிடைத்தது.

கடைசியாக, கொட்டும் மழையில் குடையும் கையில் ஒரு கட்டுக் குச்சியுமாகத் தடம் முழுக்க நடந்தவர்களுக்கு. தண்ணீர் நின்ற இடத்திலும், தடத்தோடு ஓடிய இடத்திலும் ஒவ்வொரு குச்சி நட்டுவிட்டு வந்தீர்கள். காய்ந்த பிறகு எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த இடங்கள் தெரிந்திருக்காது. குச்சி நட்ட இடங்களில் அடுத்த வேலை தொடங்கிவிட்டது.

நன்றியுடன்,
தடப் பராமரிப்புக் குழுவினர்